அந்த மஞ்சள் யாருடையது?

திருவண்ணாமலைப் பக்கம் ஒருவருக்கு என்ன நோயென்றே பிடிபடவில்லை என்றால், அக்கம்பக்கத்தார் சொல்வது ஒன்றுதான்: “வேலூர் சி.எம்.சி.க்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.” போளூர், கண்ணமங்கலம் வழியாக எண்பது கிலோமீட்டர், பஸ்ஸில் சுமார் இரண்டு மணி நேரம். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய அந்த மிஷன் ஆஸ்பத்திரியில், 1986 பிப்ரவரியில் ஒரு நாள், ஒரு தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாயின. அந்த மஞ்சளைப் புரிந்துகொண்டால், கென்யாவில் ஒரு கிறித்துவத் துறவி அனாதைக் குழந்தைகளுக்காக ஏன் ஒரு வீடு கட்டினார் என்பதும் புரியும்.

சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமனின் சொல்படி, எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்க எண்பதுக்கும் மேற்பட்ட பெண்களிடம் ரத்தம் சேகரித்திருந்தார். வைத்திருந்த இடம், வீட்டு ஃபிரிட்ஜ். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. ஐஸ் பெட்டியோடு இரவு ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து சி.எம்.சி. போனார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அங்கேதான் தெரியவந்தது.

சோதனையின் பெயர் எலைசா. குழிப்பணியாரச் சட்டி போன்ற தட்டை நினைத்துக்கொள்ளுங்கள், குழிகள் மட்டும் மிகச் சிறியவை. அவற்றில் வைரஸின் துண்டுகளை முன்பே ஒட்டவைத்திருப்பார்கள். ஒருவரின் ரத்தத் தெளிநீரை விட்டதும், அந்த வைரஸுக்கு எதிராக உடல் செய்துவைத்த எதிர்ப்பொருள்கள் (கிருமியைப் பிடிக்க ரத்தத்தில் சுற்றும் புரதங்கள்) துண்டுகளைக் கவ்விக்கொள்ளும். கழுவினாலும் போகா. அவற்றின்மேல் சாயத்தை நிறம் மாற்றும் ஒரு புரதத்தை ஏற்றினால், குழி மஞ்சளாகும்.

கவனியுங்கள், இந்தச் சோதனை வைரஸைப் பார்க்கவே இல்லை. திருடனைக் காணவில்லை, திருடனைத் தேடிவந்த போலீஸைத்தான் கண்டது. பெரியவர்களுக்கு அது போதும். தெருவில் போலீஸ் நின்றால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. பச்சைக் குழந்தையின் தெருவில் நிற்கும் போலீஸ் மட்டும் வேறு ஊரிலிருந்து வந்தவர்.

அந்த வேறு ஊர், தாயின் உடல். நஞ்சுக்கொடி வெறும் குழாய் அல்ல. அதன் சுவரில் ஏற்பிகள் என்ற கொக்கிகள் உண்டு. தாயின் ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள்களைப் பிடித்து மறுபக்கம் குழந்தைக்குக் கடத்துவது அவற்றின் வேலை. கடைசி மூன்று மாதங்களில் இந்த வேலை மும்முரமாக நடக்கும். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் இவை தாயைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். தாய் வாழ்நாளெல்லாம் சண்டையிட்ட கிருமிகளின் பட்டியல் முழுவதும் சீதனமாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தட்டம்மை ஊசியை ஒன்பது மாதம் முடியும்வரை தள்ளிப்போடுவதற்கும் இதுதான் காரணம்: தாய் தந்த எதிர்ப்பொருள்கள் தடுப்பு மருந்தையே மடக்கிவிடும்.

தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தால், அதற்கெதிரான எதிர்ப்பொருள்களும் கடத்தப்படும். ஆகவே அவளுக்குப் பிறக்கும் குழந்தை, தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், எலைசாவில் மஞ்சள் காட்டும். உண்மையில் தொற்று எத்தனை பேருக்கு? சிகிச்சையே இல்லாத காலத்தில்கூட, தாய்ப்பால் வழியாக வருவதையும் சேர்த்து, நூற்றுக்கு 15 முதல் 45 பேருக்குத்தான். மீதிப் பேர் சுமந்தது நோயை அல்ல, அம்மாவின் சீதனத்தை மட்டும்.

1990-களின் தொடக்கத்தில் கென்யாவின் நைரோபி நகரில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இந்த மஞ்சள் பெரும் சாபமாயிற்று. எச்.ஐ.வி. என்றதும் அனாதை இல்லங்களே ஏற்கத் தயங்கின. ஏஞ்சலோ டி’அகோஸ்டினோ, அமெரிக்க இயேசு சபைத் துறவி, மருத்துவரும்கூட. அவரும் அருட்சகோதரி மேரி ஓவன்ஸும் 1992-இல் அந்தக் குழந்தைகளுக்காகவே ஓர் இல்லம் தொடங்கினார்கள். பெயர் ‘ந்யும்பானி’. சுவாஹிலியில் ‘ந்யும்பா’ என்றால் வீடு. ‘நி’ நம் ‘இல்’ உருபு போல. வீட்டில். எவ்வளவு பொருத்தமான பெயர்!

அங்கே நடந்தது எளிய வேலை: பாலூட்டினார்கள், பார்த்துக்கொண்டார்கள், காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்புக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரவல் எதிர்ப்பொருள்கள் ஏறக்குறைய மாதத்துக்குப் பாதியாகக் குறையும். ஆரணி அரிசி 25 கிலோ சிப்பம் ஒன்றை மாதாமாதம் பாதியாக்கிக்கொண்டே போங்கள். முதல் மாதம் பன்னிரண்டரை கிலோ, அடுத்த மாதம் ஆறேகால். பதினெட்டாம் மாத முடிவில் மிஞ்சுவது நாலைந்து அரிசி மட்டுமே. அதனால்தான் பதினெட்டு மாதம் எல்லைக்கோடு. அதற்குப் பிறகும் குழி மஞ்சளானால், எதிர்ப்பொருள் குழந்தையே செய்தது. மஞ்சள் மறைந்துபோனால் குழந்தைக்குத் தொற்றே இல்லை. அது தத்துக்குப் போகலாம், பள்ளிக்குப் போகலாம். இந்தக் கதையில் மிக நுட்பமான கருவி, ஒரு குழந்தையைப் பதினெட்டு மாதம் தூக்கி வளர்த்த கைகள்தான் என்பது என் முடிவு.

ஆனால் தொற்றுள்ள குழந்தைக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. மருந்தில்லாவிட்டால் அவர்களில் பாதிப் பேர் இரண்டு வயதைத் தாண்டமாட்டார்கள். ஆகவே போலீஸை விட்டுவிட்டுத் திருடனையே தேடும் சோதனை தேவைப்பட்டது. கொரோனா புண்ணியத்தில் அதன் பெயர் நமக்கெல்லாம் தெரியும்: பி.சி.ஆர். வைரஸின் மரபுத் துணுக்கு ஒன்றைப் பிடித்து, ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கும். அரிசிக் கணக்கு இங்கே தலைகீழ். ஓர் அரிசியை முப்பது முறை இரட்டித்தால் 107 கோடி அரிசி, ஏறத்தாழ 21 டன். இரண்டு லாரி வேண்டும். ஒளிந்திருக்கும் ஒற்றைத் துணுக்கையும் இப்படித்தான் கண்ணுக்குத் தெரியவைக்கிறார்கள்.

அதைவிட எனக்கு வியப்பு, ரத்தம் பயணம் செய்யும் விதம். நிர்மலாவுக்கு ஐஸ் பெட்டி தேவைப்பட்டது. இன்று குழந்தையின் குதிகாலில் சின்னக் குத்து. சில சொட்டுகளைத் தடித்த வடிதாளில் ஒற்றி, நிழலில் உலர்த்தி, உறையில் போட்டுத் தபாலில் அனுப்பிவிடலாம். உலர்ந்த கறையில் மரபுப்பொருள் பத்திரமாக இருக்கும். இந்தியாவில் இந்த ஏற்பாடு 2010 முதல் இருக்கிறது. குழந்தை பிறந்த ஆறாவது வாரத்திலேயே பதில் தேடலாம்.

பதில் தெரிந்தால் மருந்து வேண்டுமே? 2000-ஆம் ஆண்டு வாக்கில் மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மருந்துக்கு ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 10,000 முதல் 15,000 டாலர். 2001 பிப்ரவரியில் மும்பை சிப்ளா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. நம் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துக்கு அல்ல, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உரிமை தந்திருந்தது. அதே மருந்தை வேறு வழியில் செய்வது குற்றமல்ல. அந்த மருந்தை இந்தியாவிலிருந்து தருவிப்பேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர்களில் டி’அகோஸ்டினோவும் ஒருவர். அவ்வாண்டே கென்ய நாடாளுமன்றம் அதற்கு வழிவிடும் சட்டத்தை நிறைவேற்றியது.

மலிவானாலும் மாத்திரை பெரியவர்களுக்கானது. குழந்தையோ சின்ன வடிவப் பெரியவர் அல்ல. மூன்று கிலோ குழந்தை சில மாதங்களில் ஆறு கிலோ ஆகும். மருந்தின் அளவும் கூடவே ஏறவேண்டும். ஒரு முக்கிய சிரப்பில் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால், கடும் கசப்பு வேறு. அனாதை இல்லத்தில் அதை ஒரு நாளைக்கு இரண்டு வேளை எத்தனை பிள்ளைகள் வாயில் ஊற்றியிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. 2020-இல் வந்தது டோலுடெக்ராவிர் குழந்தை மாத்திரை: பத்து மில்லிகிராம், ஸ்ட்ராபெரி சுவை, கொஞ்சம் தண்ணீரில் கரைந்துவிடும். செய்வது இந்தியாவில் தொழிற்சாலைகள் உள்ள நிறுவனங்கள். அப்போது அந்த மருந்துக்கு ஆண்டுச் செலவு சுமார் 36 டாலர்.

மருந்து கொடுத்தாலும் வளர்க்க யார்? எய்ட்ஸ் நடுத் தலைமுறையை வாரிக்கொண்டுபோய், பிள்ளையை இழந்த பாட்டிகளையும் பெற்றோரை இழந்த பேரப்பிள்ளைகளையும் மிச்சம் வைத்திருந்தது. கென்யாவின் கிட்டுயி பகுதியில் ஆயிரம் ஏக்கரில், நம் அண்ணாமலையார் கோயில் வளாகம் போல நாற்பது மடங்கு நிலத்தில், 2006-இல் எழுந்த ந்யும்பானி கிராமம் இந்த இரண்டு இழப்புகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது. ஒரு வீட்டுக்கு ஒரு பாட்டி அல்லது தாத்தா, சுமார் பத்துப் பிள்ளைகள். ஏறத்தாழ நூறு முதியோர், ஆயிரம் சிறுவர். பாட்டிக்குச் சோறும் துணையும் கிடைக்கிறது. பிள்ளைக்குத் தன் மொழியும் விதைக்கும் பருவமும் தெரிந்த ஒரு மனுஷி கிடைக்கிறாள். கிராமம் தொடங்கிய அதே ஆண்டு நவம்பரில் டி’அகோஸ்டினோ காலமானார்.

நம் பக்கத்து அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கருவுற்ற பெண்களுக்கு எச்.ஐ.வி. சோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. முன்கூட்டியே தெரிந்து மருந்து எடுத்தால், குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். எச்.ஐ.வி. உள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் வீட்டுக்குள் கூப்பிடுங்கள், உங்கள் பிள்ளைகளோடு உட்காரவைத்துச் சோறு போடுங்கள். சந்தேகம் இருந்தால் கட்டணமில்லாத உதவி எண் 1097.