கந்தையும் காந்தாவும்

வங்காளிகளின் மீன் குழம்பையும் ரசகுல்லாவையும் அறிந்த அளவுக்கு, கொல்கத்தாவில் பல்லாண்டுகளாக வாழும் நம்மவர்கள் அவர்களது 'காந்தா'வை அறிந்ததில்லை. பழைய பருத்திச் சேலைகளை மூன்று நான்கு அடுக்காக விரித்து, ஓட்டுத் தையலால் இணைத்துச் செய்யும் மெல்லிய போர்வை அது. நம் 'கந்தை'க்கும் அதற்கும் மூலம் ஒரே வடசொல்தான்.

முற்காலத்தில் தைக்கும் நூலைக்கூடப் பழஞ்சேலையின் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்களாம். ஜோகாவிலுள்ள குருசதய் அருங்காட்சியகத் தொகுப்பில், மானதாசுந்தரி என்னும் பெண்மணி 19ஆம் நூற்றாண்டில் தம் தந்தைக்காகத் தைத்த காந்தா புகழ்பெற்றது. கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' கதைப்பாடலின் நாயகி, கணவனைப் பிரிந்த துயரில் தன் வாழ்க்கையையே காந்தாவில் தைக்கிறாள். தான் இறந்தபின் அதைத் தன் கல்லறைமேல் விரிக்கச் சொல்கிறாள். துக்கத்தை ஊசிமுனையில் இறக்கிவைப்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று.

இதை நான் என் வீட்டிலேயே கண்டேன். என் துணைவியார் காலமாகி இரண்டு ஆண்டுகளாகியும் அவருடைய பீரோவை யாரும் திறக்கவில்லை. சேலைகளைத் தானம் செய்ய மனமில்லை. எடுத்துப் பார்க்கத் திராணியுமில்லை. என் மகள் கருவுற்றிருந்தபோது, அந்தச் சேலைகளில் குழந்தைக்கு ஒரு காந்தா தைக்கலாமே என்று எதிர்வீட்டு வங்காளி அம்மையார் யோசனை சொன்னார்.

"போனவள் துணியைப் பச்சைக் குழந்தைக்குப் போர்த்துவதா?" என்று என் மாமியார் தயங்கினார்.

"பாட்டி, என்னையே உங்கள் பழஞ்சேலையில்தானே தூளி கட்டித் தூங்கவைத்தீர்கள்?" என்றாள் மகள். அவர் பதில் பேசவில்லை. மறுநாள் அவரே பீரோவைத் திறந்து, மதுரைச் சுங்குடிச் சேலைகள் மூன்றை எடுத்துவைத்தார்.

சேலையைக் குழந்தைக்கேற்ற அளவில் வெட்டியாக வேண்டும். கத்தரிக்கோலைத் தொட எவருக்கும் கை வரவில்லை. கடைசியில் பெற்ற தாயே முதல் வெட்டு வெட்டினார். அன்றுதான் அவர் வாய்விட்டு அழுததைப் பார்த்தேன்.

அதன்பின் மாலைதோறும் வேலை நடந்தது. துணியைத் தரையில் சுருக்கமின்றி விரித்து, மூலைகளில் கனம் வைத்து, முதலில் நான்கு ஓரங்களையும் தைக்க வேண்டும். பின்னர் வரிவரியாக உள்ளே செல்ல வேண்டும். ரயில் பாதையை அளந்து பழகிய நான், ஸ்கேல் வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டேன். மாமியாருக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். 'இது அந்தத் தீபாவளிக்கு எடுத்தது', 'இது ஆசன்சோலுக்கு மாற்றலானபோது கட்டியிருந்தது' என்று பேச்சு வளர்ந்தது. இரண்டு ஆண்டுகளாக அவர் பெயரைச் சொல்லவே அஞ்சிய வீட்டில் சிரிப்பும் கேட்டது.

துக்கம் தீர்ந்துவிட்டதென்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு இப்போது ஓர் உருவம் இருக்கிறது. பேத்தி அதைப் போர்த்தித் தூங்குகிறாள்.

பூட்டிய பீரோ உள்ள அன்பர்கள் ஒரே ஒரு பழைய பருத்திச் சேலையை எடுத்துத் தொடங்கிப் பாருங்கள். தையல் கோணலானாலும் பாதகமில்லை. தனியே அமர்ந்து தைக்காமல், வீட்டாரைக் கூட்டிவைத்துக்கொண்டு தையுங்கள்.