குதிரைக்கு வேளை தவறுவதில்லை

மகாராஷ்டிர மாநிலம் ராய்கட் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள மலைவாசத் தலம் மாதேரான். சுற்றுலாப் பயணிகளின் மோட்டார் வாகனங்கள் தஸ்தூரி என்னும் இடத்தோடு நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் செம்மண் பாதைதான். அண்மைக் காலமாக மின் ரிக்‌ஷாக்கள் ஓடத் தொடங்கியிருப்பினும், பயணிகளையும் மளிகைச் சாமான்களையும் சுமந்து செல்லும் குதிரைகள் இன்றும் அவ்வூரின் அன்றாடக் காட்சியாகவே உள்ளன. அக்குதிரைகளை நம்பி வாழும் குடும்பங்களும் பல.

நாட்டில் குதிரைகளின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்து வருகிறது. 2012-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் 6 லட்சத்துக்கு மேல் இருந்த குதிரைகளும் மட்டக் குதிரைகளும் 2019-இல் 3.4 லட்சமாகச் சுருங்கின. எஞ்சியிருப்போர் கூடுதல் நேரம் உழைத்தே இத்தொழிலில் நிலைக்க வேண்டியுள்ளது. அந்த உழைப்பின் முதல் பலி, பெரும்பாலும் உரிமையாளரின் சாப்பாடுதான்.

கொங்கண் பகுதியில் பணியாற்றிய நாட்களில், கடன் விண்ணப்பத்துக்காக ஒரு குதிரைக்காரரிடம் தீவனச் செலவைக் கேட்டறிந்தேன். தவிடு எவ்வளவு, ஊறவைத்த கொண்டைக்கடலை எவ்வளவு, புல் எத்தனைக் கட்டு, எந்த நேரத்தில் எது என்று தடுமாற்றமின்றி ஒப்பித்தார். “நீங்கள் மதியம் என்ன சாப்பிடுவீர்கள்?” என்றேன். சிரித்துவிட்டு, “சவாரி இல்லாவிட்டால் சாப்பிடுவேன், சாஹேப்” என்றார். நல்ல நாளில் சாப்பாடு இல்லை என்பது அதன் பொருள்!

வங்கியாளனின் கண்ணுக்கு இது உடல்நலச் சிக்கல் மட்டுமன்று. கடைக்காரர் நோயுற்றால் கடையைப் பூட்டலாம். சரக்கு அலமாரியில் காத்திருக்கும். குதிரைக்காரர் படுத்துவிட்டால் வருமானம் நின்றுபோகும். தீவனச் செலவோ ஒரு வேளைகூட நிற்காது. அவருடைய உடலே அத்தொழிலின் பிணைப் பொருள். அதற்கு எவரும் மதிப்பீட்டுச் சான்று கேட்பதில்லை.

அவருடைய ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வழிப் பாதையை இரண்டரை கிலோமீட்டர் என்று கொண்டாலும், நான்கு முறை போய்வந்தால் 20 கிலோமீட்டர். சவாரி செய்பவர் பயணி. உரிமையாளர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பவர். இவ்வளவு நடைக்கு ஈடாக உட்செல்வது பல நாட்களில் வடாபாவும் தேநீரும் மட்டுமே. கோப்பைக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை, கரண்டிக்கு 4 கிராம் என்றால், ஆறு கோப்பைத் தேநீரில் 48 கிராம் சர்க்கரை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், நாளொன்றுக்குச் சேர்க்கப்படும் சர்க்கரையை 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கின்றன. “நிறைய நடப்பவனுக்குச் சர்க்கரை என்ன செய்யும்?” என்ற வாதத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நடை நன்மையே, ஆனால் பகல் முழுதும் இனிப்புத் தேநீர், இரவு பத்து மணிக்கு மலைபோல் சோறு என்னும் பழக்கத்தை நடை ஒன்றே சரிக்கட்டிவிடாது. பசியை அடக்கப் புகையிலையை மெல்லும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

விந்தை என்னவெனில், நல்ல உணவுப் பழக்கத்தின் விதிகளைக் குதிரைக்காரருக்கு வேறொருவர் கற்பிக்கத் தேவையில்லை. குதிரையின் வயிறு அதன் உடலளவுக்கு மிகச் சிறியது. அதில் அமிலம் இடைவிடாது சுரந்துகொண்டே இருக்கும். ஆகவே, சிறிது சிறிதாகப் பலமுறை தீவனம் கொடுக்க வேண்டும். நெடுநேரம் வெறும் வயிற்றில் நிறுத்தினால் வயிற்றுப் புண் வரும். ஒரேயடியாகத் தானியத்தைக் கொட்டினாலும் ஆபத்து. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. வயிற்று வலி கண்டு உயிரே போகக்கூடும். மனித வயிறு அவ்வளவு நுட்பமானதன்று என்பது உண்மையே. எனினும் பகலெல்லாம் பட்டினி, இரவில் பெருந்தீனி என்ற முறையைத் தன் குதிரைக்கு ஒரு நாளும் அனுமதிக்காதவர், தமக்கு மட்டும் அனுமதிப்பது எந்த நியாயம்?

எனவே, குதிரையின் நேர அட்டவணையிலேயே தம்மையும் சேர்த்துக்கொள்வது எளிய வழி. காலையில் அது தீவனத் தொட்டியில் வாய் வைக்கும்போது, இவரும் ஒரு பாக்ரியை உண்டுவிடலாம். சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவற்றில் செய்யும் பாக்ரி அப்பகுதியின் பழகிய உணவு. அதிலுள்ள நார்ச்சத்து பசியை நெடுநேரம் தாங்கும். தொட்டுக்கொள்ளக் கொள்ளுமாவில் கிளறிய பித்லா. நம்மூரில் குதிரைத் தீனி என்று ஒதுக்கப்படும் கொள்ளு, கொங்கணத்தில் வீட்டுச் சமையலுக்குரிய பொருள். 100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உள்ளது. குதிரைக்கு வலுவூட்டுவது குதிரைக்காரருக்கும் ஊட்டும்!

சவாரிக்கு நடுவே உட்கார்ந்து உண்ண நேரமிராது, அதை மறுப்பதற்கில்லை. வறுத்த கொண்டைக்கடலையும் நிலக்கடலையும் கலந்த சிறு பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால், பயணிக்காகக் காத்திருக்கும் பத்து நிமிடம் போதும். முளைகட்டிய நரிப்பயறு உசலும் இரண்டு பாக்ரியும் ஒரு தூக்குப் பாத்திரத்தில் அடங்கும். குதிரைக்குத் தண்ணீர் காட்டும்போதெல்லாம் தாமும் ஒரு குவளை நீர் அருந்துவதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். உண்ணும் முன் சோப்பிட்டுக் கை கழுவுவது இத்தொழிலில் பிறரைவிட அவசியம். குதிரைச் சாணத்தில் வில்வாத நோய்க் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், அதற்கான தடுப்பூசியையும் உரிய காலத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

மாற்றங்களை ஒரே நாளில் செய்ய முற்படாதீர்கள். புதிய தீவனத்தைப் பழையதோடு கலந்து, ஏழெட்டு நாட்களில் படிப்படியாகத்தானே பழக்குகிறார்கள்? தேநீரின் சர்க்கரையையும் வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தால் நாக்கு முணுமுணுக்காது. சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்பவர்கள் மட்டும் உணவு நேரத்தை மாற்றும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நலம்.

மழைக்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூன் தொடங்கிச் சில மாதங்கள் மலையில் கனமழை கொட்டும், பயணிகள் குறைவர், கையில் பணமும் குறையும். அப்போது குதிரையின் கடலை குறைவதற்கு முன், வீட்டின் பருப்பும் காய்கறியும் குறைந்துவிடுகின்றன. தீவனத்துக்கென்று பணம் எடுத்து வைப்பவர்கள் அடுப்படிக்கென்று வைப்பதில்லை. அக்டோபர் முதல் மே வரையிலான பருவத்தில் ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கி, நல்ல சவாரி கிடைத்த வாரங்களின் வரவை மாதத் தவணையாகச் செலுத்தி, அது ஜூன் மாதத்தில் முதிர்வடையுமாறு காலத்தை அமைத்துக்கொள்ளலாம். முதிர்வுத் தொகையில் முதலில் வாங்க வேண்டியவை: லாயத்துக்குத் தவிடும் கடலையும், வீட்டுக்குப் பயறும் கேழ்வரகும் நிலக்கடலையும். இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதுவது நல்லது.