கண் காணாத் தூசி

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பர். காற்றிலே மிதக்கும் துகள்களைப் பொறுத்தவரை இம்முதுமொழியை ஒரு படி மேலே கொண்டு செல்லவேண்டியிருக்கின்றது. இங்கே சிறுத்தலே காரத்துக்குக் காரணமாகிறது. தெருவில் வண்டி கிளப்பும் புழுதியைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். தெளிவாகத் தோன்றும் காற்றை ஐயமின்றி உட்கொள்கிறோம். கண்ணை நம்பி வழங்கும் இத்தீர்ப்புப் பல வேளைகளில் நம்மை ஏமாற்றிவிடும்.

துகள்களை அளக்கும் அலகு மைக்கிரோமீற்றர். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஒன்று அது. மனிதரின் தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்கிரோமீற்றர் தடிப்புடையது. 10 மைக்கிரோமீற்றருக்கு உட்பட்டவை சுவாசத்தோடு உட்செல்லத்தக்கவை, 2.5க்கு உட்பட்டவை நுண்துகள்கள், 0.1க்கும் சிறியவை மீநுண்துகள்கள். மண் புழுதி, மகரந்தம், அலை தெறிக்கும் உப்புத்துளி ஆகியன பெரும்பாலும் பெருந்துகள்களே. நுண்துகள்களோ பெரும்பாலும் நெருப்பின் பிள்ளைகள். விறகும் நிலக்கரியும் டீசலும் எரியுமிடத்தே அவை பிறக்கின்றன.

அளவு சிறுத்தால் என்ன மாறுகின்றது? முதலாவது, காற்றிலே தங்கும் காலம். அசையாத காற்றில், நாம் மூச்செடுக்கும் உயரத்திலிருந்து, நீரின் அடர்த்தியுள்ள 10 மைக்கிரோமீற்றர்த் துகள் எட்டு ஒன்பது நிமிடங்களில் நிலத்தை அடையும். 1 மைக்கிரோமீற்றர்த் துகளுக்கோ அரை நாள் வேண்டும். இரண்டாவது, மேற்பரப்பு. பெரிய துகளை அச்சிறிய அளவினவாகப் பிரித்தால் ஆயிரம் துகள்கள் கிடைக்கும். மொத்த எடை மாறாது; மேற்பரப்போ பத்து மடங்காகும். புகையிலுள்ள நச்சுப் பொருள்கள் ஒட்டிக்கொள்வது அம்மேற்பரப்பிலேதான்.

மூன்றாவது மாற்றமே மிகக் கொடியது. அது உடலினுள்ளே செல்லும் தூரம். மூக்கும் தொண்டையும் வளைந்த வழிகள். பெருந்துகள் தன் வேகத்தால் வளைவிலே திரும்பமாட்டாது சளியில் மோதி ஒட்டிக்கொள்கிறது. சுவாசக் குழாய்களின் உட்சுவரிலுள்ள நுண்ணிய பிசிர்கள் அச்சளியை மேல்நோக்கித் தள்ள, இருமலும் செருமலும் அதனை வெளியேற்றுகின்றன. நுண்துகளோ காற்றோடு வளைந்து வளைந்து சென்று நுரையீரலின் கடைக்கோடியிலுள்ள சிற்றறைகளை எட்டிவிடும். அங்கே பிசிர்களின் காவல் இல்லை. துகளை விழுங்கும் உயிரணுக்களே உண்டு. அவற்றுக்கு வேலை மிகும்போது அழற்சி தோன்றுகின்றது. அதன் விளைவு குருதி வழியே உடலெங்கும் பரவுகிறது. எனவேதான் வெளிக்காற்று மாசினால் நேரும் மரணங்களிற் பெரும்பகுதி மாரடைப்பாகவும் பாரிசவாதமாகவும் நிகழ்கின்றது. மூக்கின் வழி புகுந்த பகை இருதயத்திலே தாக்குகிறது.

இவ்வுண்மையை உலகம் எளிதில் உணரவில்லை. 1952ஆம் ஆண்டு டிசெம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரை நிலக்கரிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து மூடின. வழக்கத்துக்கு மேலாக நாலாயிரம் பேர் அளவில் மாண்டனர் என்பது அக்காலக் கணிப்பு. பின்னை நாளைய ஆய்வாளர் அதனைப் பன்னீராயிரம் வரை உயர்த்தினர். 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. கரும்புகை மெல்ல மெல்ல மறைந்தது. கண்ணுக்குத் தெரிந்த எதிரி போனதும் ஆபத்தும் போயிற்று என்று பலரும் ஆறுதலடைந்தனர்.

அந்த ஆறுதலைக் குலைத்தது 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தார் ஆறு நகரங்களில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பதினான்கு முதல் பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்தனர். புகைபிடித்தல் முதலிய வேறு காரணங்களைக் கணக்கில் எடுத்த பின்னரும், மாசு மிகுந்த நகரின் மரண வீதம் மாசு குறைந்த நகரினதைவிட 26 சதவீதம் உயர்ந்து நின்றது. நுண்துகள்களின் அளவோடு மரணம் நெருங்கிய தொடர்பு காட்டிற்று. அம்மாசு மிகுந்த நகரிலும் கனமீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 30 மைக்கிரோகிராமே சராசரியாக இருந்தது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுச் சராசரிக்கு விதித்த வரம்பு வெறும் 5 மைக்கிரோகிராம்.

இக்கணக்கை நம் வீட்டு வாயிலுக்குக் கொண்டுவருவோம். இலங்கையின் கிராமங்களிலும் தோட்டங்களிலும் இன்றும் எண்ணற்ற இல்லங்கள் விறகடுப்பை நம்பியிருக்கின்றன. புகை வெளியேற வழியற்ற அடுக்களையில் அடுப்பெரியும் வேளையில் நுண்துகள்கள் கனமீற்றருக்குப் பல நூறு மைக்கிரோகிராமாக உயர்வது உலகெங்கும் கண்ட உண்மை. அங்கே நாள்தோறும் நிற்பவள் தாய். அவள் சேலையைப் பற்றி நிற்பது குழந்தை. கண் கரிப்பது பழகிவிடும் என்கிறோம். கண் பழகலாம், நுரையீரலின் சிற்றறைகள் பழகுவதில்லை.

செய்யத்தக்கன அரியன அல்ல. விறகை நன்கு உலர்த்துதல், அடுப்புக்கு மேலே புகைபோக்கி அமைத்தல், எதிரெதிரே சாளரம் திறத்தல், சமைக்கும் நேரத்திற் குழந்தையை வேறிடத்தில் வைத்தல், குப்பையையும் பிளாத்திக்கையும் முற்றத்தில் எரிக்காது விடுதல் என்பன எவருக்கும் இயலும். முந்தானையால் மூக்கை மூடுதல் பெருந்துகளையே தடுக்கும். நுண்துகளில் ஒரு சிறு பங்கைத்தான் தடுக்கும். விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்கள் மைக்கிரோமீற்றரைக் கரும்பலகையில் எழுதும்போது, பிள்ளைகளின் வீட்டு அடுக்களையையும் அதனருகே எழுதிக்காட்டுவார்களாயின், அந்தப் பாடம் அன்று மாலையே வீடு சென்று சேரும்.