எந்த ஊர்ப் பிள்ளை நீ?

குழந்தைகளே! ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையத்துக்குப் பஸ்சில் போயிருக்கிறீர்களா? சுமார் 12 கிலோமீட்டர்தான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் மேற்குத் தொடர்ச்சி மலையும் கூடவே வரும்.

அந்தப் பஸ்சில் கொஞ்சம் காதைத் தீட்டிக் கேளுங்கள். முன் சீட்டில் தமிழ். பின் சீட்டில் இரண்டு பாட்டிகள் தெலுங்கில் கதை பேசுவார்கள். நூற்பாலை வேலைக்குப் போகும் அண்ணன்கள் இந்தியிலோ ஒடியாவிலோ பேசிக்கொண்டு வருவார்கள்.

சரி, ஒரு கேள்வி. இவர்களில் உள்ளூர்க்காரர் யார்? வெளியூர்க்காரர் யார்?

ஊர்ப் பெயரிலேயே விடை!

ராஜபாளையம் என்ற பெயரிலேயே 'ராஜா' இருக்கிறது அல்லவா? பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆந்திரப் பகுதியில் இருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் என்ற மக்களை ஒட்டி அமைந்த பெயர் இது. இன்றும் அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுகிறார்கள். அந்தக் குடும்பம் ஒன்றில் 1898ல் பிறந்தவர்தான் பூ.ச.குமாரசாமி ராஜா. சிறு வயதிலேயே தாய், தந்தையை இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். காந்தியடிகள் வழியில் நடந்தார். 1949ல் சென்னை மாகாணத்தின் முதல்வரானார். 1952 வரை அந்தப் பதவியில் இருந்தார். தாம் குடியிருந்த வீட்டையே காந்தி கலைமன்றத்துக்காகக் கொடுத்துவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் நாக்கில் எச்சில் ஊறுமே, பால்கோவா! அந்தத் தொழிலைத் தொடங்கி வளர்த்தவர்களில் வடக்கே இருந்து வந்து தங்கிய குடும்பத்தினரும் உண்டு என்று ஊரில் சொல்வார்கள். ஆக, நாம் 'எங்க ஊரு' என்று பெருமையாகச் சொல்லும் பலவற்றில், என்றோ ஒரு நாள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியவர்களின் பங்கும் இருக்கிறது.

அங்கே ஒரு பெயர், இங்கே ஒரு பெயர்

வந்தவர்களை எல்லோரும் சிரித்த முகத்தோடு வரவேற்றார்களா? இல்லை. மலையகத் தமிழர்களின் கதையைக் கேளுங்கள்.

ஆங்கிலேயர் ஆட்சியில் பஞ்சத்துக்கும் கடனுக்கும் பயந்து நம் தமிழகத்தில் இருந்து ஏராளமானோர் இலங்கைக்குப் போனார்கள். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி என்று பல பக்கத்து மக்கள் அவர்களில் இருந்தார்கள். முதலில் காப்பித் தோட்டம், பிறகு தேயிலைத் தோட்டம். காட்டை வெட்டி, மலையைத் திருத்தி, மூன்று நான்கு தலைமுறை உழைத்தார்கள்.

1948ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டத்தால் இவர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 'கள்ளத்தோணி' என்ற ஏச்சுப் பேச்சு வேறு!

1964 அக்டோபர் 30ல் இந்தியப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு சிறுவனை நினைத்துப் பாருங்கள். பிறந்தது மலையில். தெரிந்த ஊர், தெரிந்த பள்ளிக்கூடம், கூட விளையாடிய சிநேகிதர்கள் எல்லாமே அங்கேதான். ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்குகிறான். பிறகு மண்டபம் முகாம். 'இதுதான் நம்ம சொந்த நாடு' என்கிறாள் பாட்டி. ஆனால், புதிய தெருவில் பிள்ளைகள் அவனைக் கூப்பிட்டது எப்படித் தெரியுமா? 'சிலோன்காரன்'! அங்கே இருந்தால் இந்தியாக்காரன். இங்கே வந்தால் சிலோன்காரன். அப்படியானால் அவன் எந்த ஊர்ப் பிள்ளை?

இப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் 1968ல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அவர்களுக்காகவே 1969ல் ரெப்கோ வங்கி பிறந்தது. வேலையை அரசு கொடுக்கலாம், வங்கியை அரசு தொடங்கலாம். பக்கத்து வீட்டுச் சிநேகிதத்தை யார் கொடுப்பது? பக்கத்து வீடுதான் கொடுக்க வேண்டும்!

இன்று நம் தெருவில்...

இப்போது தமிழ்நாட்டின் ஆலைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களில் இருந்து பலர் வருகிறார்கள். சிலர் குடும்பத்தோடு வருகிறார்கள். அவர்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் சேர்ந்து 'அ, ஆ' எழுதப் பழகுகிறார்கள். சிலர் அவர்களைப் பெயர் சொல்லிக்கூட அழைப்பதில்லை, 'வடக்கன்' என்கிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் தயங்குகிறார்கள். தெருவில் ஒரு பொருள் காணாமல் போனால் முதல் பார்வை அந்த வீட்டின் மேல்தான்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குவதாகச் சில வீடியோக்கள் பரவின. அவை பொய்யானவை என்று காவல்துறை விளக்கியது. அதற்குள் எத்தனை வீடுகளில் பயம்! வேறு எங்கோ, எதற்காகவோ நடந்த சண்டைக் காட்சியைக் காட்டியே இரண்டு பக்கத்து மக்களுக்கும் இடையே சந்தேகத்தை வளர்க்க முடிகிறது, பார்த்தீர்களா?

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியர் ஒவ்வொருவரும் நாட்டின் எந்தப் பகுதியிலும் வசிக்கலாம், குடியேறலாம் என்று நம் அரசியல் சட்டத்தின் 19வது பிரிவு சொல்கிறது. 2010 ஏப்ரல் 1ல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்கு வயதுச் சான்று இல்லை என்பதற்காகப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். படிப்பில் பின்தங்கி இருந்தால் தனிப் பயிற்சியும் தர வேண்டும்.

சட்டம் வகுப்பறை வரை கொண்டுவந்து விட்டுவிடும். பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்க வேண்டியது யார்? நீங்கள்தான்!

உங்கள் வகுப்பிலோ தெருவிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அவன் தமிழைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அவன் இரண்டாவது மொழியில் தடுமாறுகிறான். நமக்கு அவன் மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாதே! ஒரு தமிழ்ச் சொல்லை அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். பதிலுக்கு அவன் மொழியில் ஒரு சொல்லைக் கேட்டு வாங்குங்கள். யாராவது பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால், நீங்கள் அவன் சொந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

'எந்த ஊர்ப் பிள்ளை நீ?' என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேறு கேள்விகள் இருக்கின்றன, குழந்தைகளே!

'உன் பேரு என்ன? விளையாட வர்றியா?'