இலவசமா, உரிமையா? ஏழையை நாம் பார்க்கும் பார்வை



இலவசங்களைக் கொடுத்துக் கொடுத்தே ஜனங்களைச் சோம்பேறிகளாக்கி விட்டார்கள் என்னும் பேச்சைத் தேநீர்க் கடையிலும் பேருந்திலும் கேட்கிறோம். தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்பவர்களிடமும் அதே பேச்சுதான். சொல்பவர் பெரும்பாலும் நல்லவர், ஐவேளை தொழுபவர், ஆண்டுதோறும் ஜகாத்தைக் கணக்கிட்டுக் கொடுப்பவர். ஆயினும் அந்தச் சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. ஏழை ஏழையாக இருப்பது அவனது குற்றமே என்பதுதான் அந்தத் தீர்ப்பு. அது சரிதானா என்று சற்று ஆராய்வோம்.

நமது தருமபுரி மாவட்டம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்துவிட்டால் பென்னாகரம், அரூர்ப் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கும் புறப்பட்டு விடுகிறார்கள். தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக இரவுப் பேருந்தில் ஏறும் ஒரு பெண்ணைச் சோம்பேறி என்றழைக்க எந்த அகராதி இடம் தரும்? பிறந்த பெண் சிசுவை உடனே கொன்றுவிடும் கொடுமை நடந்த மண்ணும் இதுவே. 1992-இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் விரிவாக்கப்பட்டது இதனால்தான். அக்கொடுமைக்கு வறுமை மட்டுமே காரணம் என்று நான் கூறமாட்டேன். வரதட்சணைக்கும் ஆண் பிள்ளை மோகத்திற்கும் அதில் பெரும் பங்குண்டு. எனினும் சிசுக்கொலையைத் தடுத்த அல்லாஹ், அதைச் செய்யத் தூண்டிய வறுமையின் அச்சத்தையும் சேர்த்தே திருக்குர்ஆனில் (17:31) குறிப்பிடுகிறான். குற்றத்தைக் கண்டிக்கும் மார்க்கம் அதன் வேரையும் பார்க்கிறது.

2023 ஜூலை 24 அன்று இம்மாவட்டத்துத் தொப்பூரில்தான் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் அத்திட்டம் அவ்வாண்டு செப்டம்பர் 15-இல் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது; நிலம் நன்செய்யாயின் ஐந்து ஏக்கருக்கும் புன்செய்யாயின் பத்து ஏக்கருக்கும் மிகக் கூடாது; ஆண்டு மின் நுகர்வு 3,600 யூனிட்டைக் கடக்கக் கூடாது என்று விதிகள் வகுக்கப்பட்டன. ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். முதலில் ஏற்கப்பட்டோர் 1 கோடியே 6 லட்சத்திற்குச் சற்று அதிகம். திட்டத்தின் நிறை குறைகளை அரசியல் பேசுவோர் பேசட்டும். என் கவனத்தை ஈர்த்தது அதன் பெயர். உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்றார்கள். அருள்மறையின் அத்தியாயங்கள் 51, 70 இரண்டிலும் செல்வர்களின் பொருளில் யாசிப்பவருக்கும் இல்லாதவருக்கும் இருப்பதாகச் சொல்லப்படுவது என்ன? "ஹக்", அதாவது உரிமை! கருணை என்றோ சலுகை என்றோ அங்கே சொல்லப்படவில்லை.

இலவசம் என்னும் சொல்லையும் நாம் ஒரே தராசில் நிறுப்பதில்லை. நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் சட்டமாகி, 2008 ஏப்ரல் முதல் நம் மாவட்டத்திற்கும் வந்த அத்திட்டத்தை நம் பக்கத்துப் பெண்கள் ஏரி வேலை என்பார்கள். வெயிலில் மண் வெட்டிய பிறகே கூலி. அதுவும் பல வேளைகளில் வாரக்கணக்கில் தாமதமாக வந்தது. 2025-இன் இறுதியில் நாடாளுமன்றம் அதற்கு மாற்றாக வேறு சட்டம் இயற்றியது. அதுவரை அந்தக் கூலியைச் சும்மா கொடுக்கும் காசு என்று ஏசியவர்கள் எத்தனை பேர்! 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கான வருமான வரி 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைக்கப்பட்டபோது, அதனால் ஆண்டுக்கு ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று நிதியமைச்சரே அறிவித்தார். முதலாளிகள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்று எந்தத் திண்ணையிலும் எவரும் கவலைப்படவில்லை.

நாமும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஜெயலலிதா முதல்வராக இருந்த காலத்தில் தொடங்கி, ரமளானில் நோன்புக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்கு அரசு அரிசி வழங்கியிருக்கிறது. அந்தக் கஞ்சியைச் செல்வரும் ஏழையும் ஒரே வரிசையில் அமர்ந்து குடித்தோம்.

ஹள்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்ததாக இப்னு ஸஅத் (ரஹ்) பதிவு செய்துள்ள நிகழ்ச்சி ஒவ்வோர் அதிகாரியும் அறிய வேண்டியதாகும். பால்குடி மறந்த குழந்தைக்கே பைத்துல்மாலிலிருந்து உதவித் தொகை என்று முதலில் விதி இருந்தது. ஒரு நாள் வணிகக் கூட்டத்தார் மதீனாவில் வந்து தங்கினர். அன்றிரவு அவர்களுக்குக் காவலாக உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் விழித்திருந்தார்கள். ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. உமர் (ரலி) மீண்டும் மீண்டும் சென்று தாயைக் கண்டித்தார்கள். கேட்பவர் கலீஃபா என்பதை அறியாத அப்பெண், பால் மறந்த பிள்ளைக்குத்தான் உமர் தொகை தருவார். அதனால்தான் காலத்திற்கு முன்பே பாலை நிறுத்துகிறேன் என்று விடையளித்தாள்.

இங்கே சற்று நில்லுங்கள். இன்றைய நம் பேச்சு வழக்கில் அப்பெண் யார்? அரசுப் பணத்திற்காகப் பொய்க் கணக்குக் காட்டும் ஏமாற்றுக்காரி! அவளது பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லியிருப்போம். உமர் (ரலி) அவர்களோ தம் விதியைத்தான் குற்றவாளியாகக் கண்டார்கள். அன்றைய ஃபஜ்ருத் தொழுகையில் அழுகையின் மிகுதியால் அவர்கள் ஓதியது பின்னால் நின்றோருக்கு விளங்கவில்லை. பின்னர், பாலை மறக்கடிக்க யாரும் அவசரப்பட வேண்டாம், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டு என்று அறிவிக்கச் செய்தார்கள். நம் தமிழகத்தில் வருமானம் பாராமல் எல்லா அரிசி அட்டைக்கும் அரிசி என்றிருந்த நடைமுறை எனக்கு இதையே நினைவூட்டுகிறது. 1997-இல் பிற மாநிலங்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று அட்டைகளைப் பிரித்தபோது நம் மாநிலம் பிரிக்கவில்லை. தான் ஏழை என்று ஒரு தாய் நிரூபித்துக் காட்ட வேண்டிய அவமானம் ரேஷன் கடை வாசலில் இல்லாமற்போனது.

ரேஷன் அரிசியைச் சிலர் விற்றுவிடுகிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான், அது தவறும்கூட. ஆனால் லாரி லாரியாக அண்டை மாநிலத்திற்குக் கடத்திப் பொருளீட்டுபவன் அந்த ஏழையல்லன்.

யாசிப்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்களே, உதவி கேட்டு வந்தவரை விறகு வெட்ட அனுப்பினார்களே என்றும் கேட்பார்கள். அபூதாவூதில் உள்ள அந்த ஹதீஸை முழுமையாகப் பார்க்க வேண்டும். அன்ஸாரித் தோழர் ஒருவர் வந்து கேட்டபோது, வீட்டில் என்ன உள்ளது என்று நபியவர்கள் முதலில் விசாரித்தார்கள். ஒரு விரிப்பும் ஒரு நீர்ப்பாத்திரமும் இருந்தன. அவற்றைத் தாமே ஏலமிட்டு இரண்டு திர்ஹத்திற்கு விற்றார்கள். ஒரு திர்ஹத்தில் வீட்டாருக்கு உணவு, மற்றதில் கோடரி. அந்தக் கோடரிக்குக் காம்பைத் தம் திருக்கரத்தாலேயே பொருத்தினார்கள். பதினைந்து நாள் கழித்து அவர் பத்துத் திர்ஹம் ஈட்டி வந்தார். முதலில் வயிற்றுக்கு உணவு, அடுத்து கையில் கருவி, அதன்பிறகே உழைப்பு! முன்னிரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் ஏழைக்கு உபதேசிப்பது ஸுன்னத்தாகாது.

அருள்மறை (2:273) இன்னொரு கூட்டத்தாரையும் அடையாளம் காட்டுகிறது. மானத்தால் கேட்கமாட்டார்கள், அறியாதவன் அவர்களைச் செல்வர் என்றே நினைப்பான். நம் மஹல்லாவிலும் அவர்கள் இருக்கிறார்கள். ரமளான் இருபத்தேழில் ஜகாத்துக்காக வீட்டு வாசலில் நிற்கும் வரிசையில் அவர்களைக் காண முடியாது. அரசு முகாமின் வரிசைக்கும் அவர்கள் வருவதில்லை. பார்ப்பவர் என்ன சொல்வாரோ என்ற அச்சம். திண்ணையில் நாம் பேசிய பேச்சு அவர்கள் காதிலும் விழுந்திருக்கிறது அல்லவா?

கணவனை இழந்த பெண்கள் ஓய்வூதிய மனுவுக்காகக் கையெழுத்துக் கேட்டு வரும்போது நான் அடிக்கடி காணும் இடர் பெயர்க் குழப்பமே. நிகாஹ் தஃப்தரில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் ஓர் எழுத்து மாறிய பெயர், ஆதாரில் தந்தை பெயரின் தலைப்பெழுத்து, வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயரின் தலைப்பெழுத்து. 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட அந்தத் தொகை, ஓர் எழுத்துக்காக மாதக்கணக்கில் நின்றுபோவதைக் கண்டிருக்கிறேன். ஆகவே ஜமாஅத் நிர்வாகிகள் இனி நிகாஹ் பதியும்போது மணமக்களின் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்து, அதே எழுத்தில் தஃப்தரில் எழுதச் செய்யுங்கள். படித்த பிள்ளைகள் இருவரை வெள்ளி தோறும் ஜும்ஆவிற்குப் பின் மதரஸா அறையில் அமர்த்தி, வருவோரின் மனுக்களை நிரப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். பெண்கள் வந்து செல்ல அவ்வறைக்குப் பின்வாசல் வழி இருப்பது நல்லது.