அக்கரைப்பற்றிலிருந்து புறக்கோட்டைக்கு

கொழும்பு மாநகரின் புறக்கோட்டைப் பஸ் நிலையங்களில் விடியற்பொழுதில் வந்து நிற்கும் தூரத்து வண்டிகளுள் அக்கரைப்பற்றிலிருந்து வருவனவும் உள. கிழக்குக் கரையில் இருப்புப் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கேயுள்ள கல்முனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் முதலிய ஊர்களை ரெயில் வண்டி இன்றளவும் எட்டவில்லை. ஆகவே தலைநகருக்குச் செல்வோர் மொனராகலை, வெல்லவாய, இரத்தினபுரி வழியாகவோ, அம்பாறை, மகியங்கனை, கண்டி வழியாகவோ இரவு முழுவதும் பஸ் வண்டியில் உறங்கியும் விழித்தும் வந்து சேர்கின்றனர். அவர்களுள் மருத்துவரைக் காண வந்தோர் உளர். கடல் கடந்து தொழிலுக்குப் போகும் இளைஞர் உளர். அலுவலகக் கருமங்களை முடிக்க வந்தோரும் உளர். எக்காரணம் பற்றி வந்தவராயினும், ஊர் திரும்புங்கால் ஒரு பொதியேனும் கையிலின்றித் திரும்புவோர் அரியர்.

இப்பொதிகளுள் பெரியவை பெரும்பாலும் கலியாண வீட்டுக்குரியவையாகும். அக்கரைப்பற்றுப் பகுதியில் முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் பெண்வழிக் குடிமுறை நெடுங்காலமாக நிலவி வருகிறது. மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிப்பதும், மணமகன் அவ்வீட்டிற்கு வந்து வாழ்வதும் அங்கு வழக்கமாகும். 1969ஆம் ஆண்டு தொடங்கி இவ்வூரில் ஆய்வு நடத்திய அமெரிக்க மானிடவியலறிஞர் டெனிஸ் மெக்கில்வ்ரே இவ்வழக்கத்தை விரிவாக எழுதியுள்ளார். வீடு கொடுப்பவர்கள் வீட்டிற்குரிய பொருளையும் பெரும்பாலும் தாமே தேடுகின்றனர். நெல் விற்ற பணம், கடலில் உழைத்த பணம், வளைகுடா நாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய பணம் ஆகிய யாவும் ஒருநாட் பொழுதில் புறக்கோட்டைத் தெருக்களிற் செலவாகிவிடுதல் கூடும். வாப்பாவும் உம்மாவும் பல ஆண்டுகளாகச் சேர்த்த பொருள் ஒரு பகலிற் கைமாறுவதால், அந்நகரில் எவ்வாறு பொருள் வாங்குவது என்பது ஒரு குடும்பத்தின் நல்வாழ்வைத் தொடும் கேள்வியாகின்றது.

புறக்கோட்டை என்ற பெயர் கோட்டைக்கு வெளியே உள்ள இடம் எனப் பொருள்படும். ஆங்கிலேயர் வழங்கிய பெட்டா என்னும் பெயரும் பேட்டை என்ற நம் சொல்லிலிருந்து பிறந்ததே. மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பத்தூத்தா 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தபோது கொழும்பைக் கலன்பு என்று குறித்துச் சென்றார். 1656ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கோட்டைக்கு வெளியே நேர்நேரான தெருக்களுடன் ஒரு குடியிருப்பை அமைத்தனர். பிரின்ஸ் வீதியில் நூதனசாலையாக விளங்கும் பழைய மாளிகையும், முதலை எனப் பொருள்படும் ஒல்லாந்தச் சொல்லால் வழங்கும் கெய்மன் வாயிலின் மணிக்கூண்டும் அக்காலத்தை நினைவூட்டுகின்றன. ஆங்கிலேயர் காலத்தில் இக்குடியிருப்பு கடைத்தெருவாயிற்று. பிரதான வீதியை ஊடறுக்கும் முதலாம் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு என எண்ணிட்ட தெருக்கள் இன்றும் அவ்வாறே இருத்தலால், ஐந்து வரையில் எண்ணத் தெரிந்தவர் அங்கு வழிதவற வேண்டியதில்லை.

இத்தெருக்களின் சிறப்பு யாதெனின், ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு வாணிகத்திற்கு உரியதாக இருத்தலேயாகும். பொன்னகை வேண்டுவோர் செட்டியார் தெருவுக்குச் செல்வர். பிரதான வீதியிலும் கெய்சர் வீதியிலும் துணிக்கடைகள் மிகுதி. மின்சாரப் பொருட்களும் தொலைபேசிகளும் முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். சீனி, பருப்பு, மிளகாய், உள்ளி முதலிய பலசரக்கு மூட்டைகள் நாலாம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களில் மலைபோற் குவிந்திருக்கும். நாட்டாமிகள் அவற்றைத் தள்ளுவண்டிகளில் ஏற்றிச் செல்லும் விரைவு கண்டு புதியவர் ஒதுங்கி நிற்பர். நாட்டு மருந்துச் சரக்குகளுக்குக் கபோஸ் ஒழுங்கையும், இரும்புச் சாமான்களுக்குப் பழைய சோனகத் தெருவும் பெயர் பெற்றவை. இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்ட ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல், சிவப்பும் வெள்ளையுமான தன் வரிகளால் தூரத்திலிருந்தே அடையாளங் காட்டும். கூட்டத்திற் பிரிந்தவர் மீண்டும் கூடுவதற்கு அதனினும் தக்க இடம் வேறில்லை.

ஒரே பொருளை விற்கும் நூறு கடைகள் அருகருகே இருப்பதால் வணிகர் ஒருவரையொருவர் கெடுத்துக்கொள்ள மாட்டாரோ என்று சிலர் ஐயுறலாம். உண்மையில் அவ்வண்மையே அவர்களை வாழவைக்கின்றது. வாங்குவோர் அங்குமிங்கும் அலையாமல் ஒரு தெருவிற்கே வந்து சேர்கின்றனர். தம்மிடம் இல்லாத பொருளை அயற்கடையிலிருந்து பெற்றுக் கொடுக்கக் கடைக்காரருக்கும் இயலுகிறது. வாங்குவோருக்கு வரும் நன்மை இன்னும் பெரிது. ஒரு கடையிற் சொன்ன விலை பொய்யாயின் அடுத்த கடை அதனை வெளிப்படுத்திவிடும்; தரம் குறைந்ததாயின் எதிர்க்கடையின் சரக்கு அதனைக் காட்டிவிடும். ஆகவே புறக்கோட்டை அளிக்கும் பெரும்பயன் தெரிவு என்பதாம். மலிவு அத்தெரிவினால் விளைவதேயன்றித் தானாக வருவதன்று. முதற் கடையிலேயே பணத்தை எண்ணிக் கொடுப்பவர் இரவெல்லாம் பயணஞ் செய்து பெற்ற பயனை வாசலிலேயே விட்டுவிட்டவராவார்.

இவ்வுண்மையிலிருந்து சில நடைமுறைகள் தாமே விளங்கும். முதலாவதாக, முற்பகலைப் பார்ப்பதற்கும் பிற்பகலை வாங்குவதற்கும் ஒதுக்குதல் நன்று. மூன்று கடைகளிலேனும் விலை கேட்டு ஒரு துண்டுக் காகிதத்திற் குறித்துக்கொள்பவருக்குப் பேரம் பேசுவது எளிதாகும். இரண்டாவதாக, மொத்த விலையும் சில்லறை விலையும் வெவ்வேறானவை என்பதை மறத்தலாகாது. ஒரு பன்னிரண்டு உருப்படி வாங்குவோருக்குச் சொல்லும் விலையை ஓர் உருப்படி வாங்குவோர் எதிர்பார்த்தல் முறையன்று. உறவினர் இருவர் மூவர் சேர்ந்து வாங்கின் அவ்விலை அவர்களுக்கும் கிட்டும். மூன்றாவதாக, நாளறிந்து போதல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலும் போயா தினத்திலும் பெரிய கடைகள் பல பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காக முஸ்லிம் வணிகர் பலர் கடையடைப்பர். நோன்புப் பெருநாள், தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு ஆகியவற்றிற்கு முந்திய நாட்களில் நெரிசல் மிகும்; நெரிசலில் நிதானமாகப் பொருளைச் சோதிப்பது யாருக்கும் இயலாது.

பொன் வாங்குவோர் மேலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். நகைக் கடைகளில் ஒரு பவுண் என்பது எட்டுக் கிராம். இருபத்திரண்டு கரட் என்றால் இருபத்து நான்கு பங்கில் இருபத்திரண்டு பங்கு தூய பொன் என்பது பொருள். அதாவது ஒரு பவுண் நகையில் ஏறக்குறைய 7.33 கிராம் தூய பொன்னும் எஞ்சியது செம்பு முதலிய பிற உலோகமும் இருக்கும். இதற்கு மேற் செய்கூலியும் சேதாரமும் சேர்க்கப்படுகின்றன. இரண்டு கடைகளில் பவுண் விலை ஒன்றாக இருந்தும் நகையின் விலை வேறுபடுவது இவற்றினாலேயே. கல் பதித்த நகையாயின் கல்லின் எடை நீக்கப்பட்டதா என்று கேட்டறிதல் வேண்டும். கரட்டு, எடை, கூலி ஆகிய மூன்றும் தனித்தனியே எழுதப்பெற்ற பற்றுச்சீட்டே பிற்காலத்தில் விற்கவோ மாற்றவோ நேருங்கால் துணை நிற்கும். எப்பொருளுக்கும் பற்றுச்சீட்டுக் கேட்டுப் பெறும் உரிமையை 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வழங்கியுள்ளது. கேட்பதற்கு நாணுதல் வேண்டாம். நேர்மையான வணிகர் அதற்காக முகஞ் சுளிப்பதில்லை.

இனி, மாறிவிட்டவற்றை நோக்குவோம். ஒருகாலத்திற் புறக்கோட்டையில் இரைச்சலோடு நடந்த மொத்த மீன் சந்தை 2011ஆம் ஆண்டிற் பேலியகொடைக்குச் சென்றது. மரக்கறியும் பழமும் மலிந்திருந்த மெனிங் சந்தையும் பின்னர் அங்கு திறக்கப்பட்ட புதிய கட்டடத்திற்கு இடம் மாறியது. கோட்டையிலுள்ள பழைய ஒல்லாந்த வைத்தியசாலை 2011ஆம் ஆண்டு முதல் உணவுச்சாலைகளும் கடைகளும் கொண்ட இடமாயிற்று. காலிமுகத்திடலுக்கு எதிரே 2019ஆம் ஆண்டிற் பல மாடிகள் கொண்ட குளிரூட்டிய கடைத்தொகுதி ஒன்று எழுந்தது. அதே கரையோரத்திற் கடலை நிரப்பி 269 ஹெக்டேயர் புதுநிலம் உண்டாக்கப்பட்டு, துறைமுக நகரம் எனப் பெயர் பெற்றுள்ளது. ஏறத்தாழ 350 மீற்றர் உயரமான தாமரைக் கோபுரம் 2022ஆம் ஆண்டு முதல் மக்களை மேலே ஏற்றி நகரைக் காட்டுகிறது.

இருபது ஆண்டுகளுக்கு முன் வந்து போன ஒருவர் தம் மகனுக்குச் சொல்லியனுப்பும் வழிகாட்டல் இன்று பாதி பயன்படும், பாதி பயன்படாது. மரக்கறிச் சந்தையை அடையாளமாகச் சொன்னால் மகன் அலைவான். செட்டியார் தெருவைச் சொன்னால் தவறாமற் சென்றடைவான். புதிய கடைத்தொகுதிகளில் விலை சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும், பேரத்திற்கு இடமில்லை. அங்கு வாங்குவோர் பொருளின் விலையோடு குளிர்ந்த காற்றுக்கும் ஒளிவிளக்குக்கும் சேர்த்தே கொடுக்கின்றனர். குடும்பத்தோடு சென்று கண்டு களிப்பதற்கு அவை நல்லவை. மகளின் வீட்டிற்குப் பொருள் சேர்ப்பதற்குப் பழைய தெருக்களே ஏற்றவை.

நகரத்தின் மாற்றம் கொழும்போடு நின்றுவிடவுமில்லை. கல்முனை 2001ஆம் ஆண்டிலும் அக்கரைப்பற்று 2011ஆம் ஆண்டிலும் மாநகர சபைகளைப் பெற்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை இக்கரையிற் பேரழிவை உண்டாக்கியது. இலங்கையில் அம்பாறை மாவட்டமே மிகுதியான உயிர்களை இழந்தது. அத்துயரத்திலிருந்து எழுந்த ஊர்களில், 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்து பாதைகள் சீர்பெற்ற பின்னர், கடைகள் பெருகின. கல்முனைக் கடைத்தெருவிலும் அக்கரைப்பற்றுச் சந்தியிலும் இன்று குளிர்ப்பெட்டி முதல் கைத்தொலைபேசி வரை யாவும் உண்டு. அவற்றுட் பல புறக்கோட்டையிலிருந்து லொறியில் வந்தவையே. ஊர்க் கடைக்காரர் வைக்கும் இலாபத்தைக் கண்டு மனம் நோவோர், அவர் ஏற்றுக்கூலி கொடுத்திருப்பதையும், பழுதுபட்டாற் பொருளை அவரிடமே மீண்டும் கொண்டுசெல்லலாம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொழும்பில் வாங்கிய குளிர்ப்பெட்டி பழுதானால் உத்தரவாதச் சீட்டோடு மீண்டும் ஓர் இரவுப் பயணம் நேரலாம். இலேசானதும் விலையுயர்ந்ததும் பலவகைத் தெரிவுடையதுமான பொருளைத் தலைநகரில் வாங்குக. பாரமானதும் அடிக்கடி பழுதுபார்க்க வேண்டியதுமானதை ஊரில் வாங்குக. கணக்குப் போட்டுப் பார்ப்பவருக்கு இதுவே இலாபமாகும்.

இவ்விடத்தில் வேடிக்கையான ஒன்றையும் குறிப்பிடலாம். கல்முனைக்கு அருகேயுள்ள மருதமுனை கைத்தறிக்குப் பெயர்போன ஊர். அங்கு நெய்யப்படும் சாரமும் சேலையும் நாடெங்கும் விற்பனைக்குச் செல்கின்றன. அக்கரைப்பற்று வாசி ஒருவர் கொழும்பிற் பகலெல்லாம் தேடி, பேரம் பேசி, பெருமையோடு வாங்கிவந்த சாரத்தைப் பிரித்துப் பார்த்தால், அது தம் ஊருக்கு அண்மையிலுள்ள மருதமுனைத் தறியிற் பிறந்ததாக இருத்தலும் கூடும். அச்சாரம் ஏறிய பஸ்ஸிலேயே திரும்பி வந்திருக்கிறது. போக்குவரத்துச் செலவை வாங்கியவரே இருமுறை இறுத்திருக்கிறார். ஊரில் விளைவது எது, வெளியிலிருந்து வருவது எது என்பதை அறியாமற் பயணப்படுதல் கூடாது என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுவதில்லை.

புறக்கோட்டை இன்பமான இடமாகவே எந்நாளும் இருந்ததில்லை. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது கொழும்பில் முஸ்லிம் வணிகரின் கடைகள் சூறையாடப்பட்டன. 1983ஆம் ஆண்டு ஜூலையில் தமிழ் வணிகரின் கடைகள் தீக்கிரையாயின. 1987ஆம் ஆண்டு ஏப்பிரலில் மத்திய பஸ் நிலையத்தில் வெடித்த குண்டு, ஊர் திரும்பக் காத்து நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலி கொண்டது. 2022ஆம் ஆண்டில் நாணய மதிப்புச் சரிந்து, டொலர் ஒன்று இருநூறு ரூபாவளவிலிருந்து முந்நூற்றைம்பதுக்கு மேல் ஏறியபோது இறக்குமதிப் பொருட்களின் விலை வாங்குவோரைத் திகைக்கவைத்தது. ஒவ்வொரு முறையும் கடைகள் மீண்டும் திறந்தன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அதே தெருக்களில் மீண்டும் அயலவராயினர். ஊரிற் காக்கா என்று அழைத்துப் பழகியவர் அங்கு நானா என்று அழைக்கக் கேட்கிறார். முதலாளி என்ற சொல் மூன்று இனத்தார்க்கும் பொதுவாய் விளங்குகிறது. அக்கரைப்பற்றுக் கடைக்காரர் புறக்கோட்டை மொத்த வணிகரிடம் பின்திகதியிட்ட காசோலைக்குச் சரக்கெடுத்து, விற்றபின் பணம் செலுத்துவதும் இம்மாதிரியான பழக்கத்தின் மேல் நிற்பதேயாகும்.

உயரும் கோபுரங்களைக் கொண்டு ஒரு நகரை மதிப்பது எளிது. வாங்க வந்த ஏழை ஒருவர் ஏமாறாமல் வீடு திரும்புகிறாரா என்பதைக் கொண்டு மதிப்பது கடினமாயினும் நேர்மையான அளவையாகும். புறக்கோட்டையின் நெருக்கமான தெருக்கள் அவ்வளவையில் இன்னும் தேறி நிற்பதற்குக் காரணம், அங்கு ஒரு கடையை அடுத்து இன்னொரு கடை இருப்பதேயாகும். வாகன நெரிசல் கருதியோ அழகு கருதியோ இவ்வாணிகங்களையும் நகருக்கு வெளியே பிரித்தனுப்ப நேருமாயின், ஒரு தெருவுக்கு ஒரு வாணிகம் என்னும் இவ்வமைப்புச் சிதையாதவாறு அனுப்புதல் வேண்டும். அது சிதைந்தால், இரவெல்லாம் பயணஞ் செய்து வரும் கிழக்குக் கரைத் தாய் தந்தையருக்கு விலை கேட்டு ஒப்பிட்டுப் பார்க்க அடுத்த கடை இராது.