கடைத்தெருவும் நமது பொறுப்பே



உண்பதிலும் பருகுவதிலும் வரம்பு மீறுவதை அல்குர்ஆன் (7:31) தடுக்கிறது. மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையிட்டு ஈரத்தைக் கண்டு, வணிகரைக் கண்டித்த நபி (ஸல்) அவர்கள், கடைத்தெருவும் சமூகத்தின் பொறுப்பே என்பதை உணர்த்தினார்கள்.

மாலையில் கொத்துரொட்டியும் இனிப்புப் பானமும் மட்டுமே கிடைக்கும் தெருவில், பிள்ளையை மட்டும் கடிந்து பயனென்ன?

உணவகங்களுக்கு ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் வழங்குவது உள்ளூராட்சி சபையே. பாடசாலை வாயிலருகே எத்தகைய கடைகள் வேண்டுமென ஊரார் ஒன்றுகூடிச் சபையிடம் கோரலாம். கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் 'ஹெல பொஜுன்' நிலையத்தில் பெண்கள் பாரம்பரிய உணவுகளைச் சமைத்து மலிவாக விற்கின்றனர். பள்ளிவாசல் நிர்வாகம் இடமளித்தால், நம் சகோதரிகளும் இலைக்கஞ்சியும் குரக்கன் பிட்டும் விற்கலாம்.

ஹலாலும் தய்யிபுமான உணவை நம் ஊருக்கு வல்ல அல்லாஹ் அருள்வானாக!